ஃபிரேம் கணக்கும் ஆராய்ச்சிக் கணக்கும்

வீட்டில் ஆராய்ச்சி வேலைக்கு ஒரு கணினி கட்டலாம் என்று இணையத்தில் தேட ஆரம்பியுங்கள். பத்து நிமிஷத்தில் ஒன்று புரிந்துவிடும்: எல்லா வழிகாட்டிகளும் ஒரே பட்டியலைத்தான் தருகின்றன. பட்ஜெட்டில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு. மீதியில் பெரும்பங்கு புராசசருக்கு. ராம் 16 ஜிபி, "இப்போதைக்குப் போதும், அப்புறம் கூட்டிக்கலாம்". டிஸ்க், பவர் சப்ளை எல்லாம் மிச்சக் காசில். கடைசியில் ஒரு வரைபடம், எந்த விளையாட்டில் நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்று. தலைப்பில் "கேமிங்" இருந்த இடத்தில் "டேட்டா சயின்ஸ்" என்றோ "ஒர்க்ஸ்டேஷன்" என்றோ மாற்றியிருப்பார்கள். பட்டியல் மாறியிருக்காது.

விளையாட்டுக்கு இந்தப் பட்டியல் சரிதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஒரு ஃபிரேமில் ஒரு புள்ளி தப்பான நிறத்தில் வந்தால் அடுத்த ஃபிரேமில் அது காணாமல் போய்விடும். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. ஆராய்ச்சிக் கணக்கில் நாற்பதாவது நாள் ஒரு பிட் புரண்டால், அதற்குப் பிறகு வரும் அத்தனையும் பாழ். அதுவும் யாருக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை. இரண்டு வேலைக்கும் ஒரே அளவுகோலை வைப்பது, துணி அளக்கும் முழக்கோலால் தங்கம் நிறுப்பது மாதிரி.

இதனால் இரண்டு விதமான நஷ்டம் வருகிறது. சிலர் "அந்த கார்டு வாங்க வசதி இல்லை" என்று ஆரம்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். சிலர் கடன் வாங்கி அந்த கார்டை வாங்கிவிட்டு, தங்கள் வேலை அதைத் தொடவே இல்லை என்பதை ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். வீட்டுக் கணினிக்கு உண்மையில் என்ன பலம் இருக்கிறது என்று யாராவது முதலில் சொல்லியிருந்தால் இரண்டு கூட்டமும் தப்பித்திருக்கும். அதைச் சொல்ல என்னிடம் உள்ள நல்ல உதாரணம் பையின் இலக்கங்கள்.

6 ஜிபி எதிர் 13.5 டிபி

2009 ஏப்ரலில் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தில் டைசுகே தகாஹாஷி குழுவினர் பையை 2,576,980,377,524 தசம இலக்கம் வரை கணக்கிட்டார்கள். சூப்பர் கம்ப்யூட்டரின் 640 கணுக்கள், மொத்தம் 13.5 டிபி நினைவகம், சுமார் 29 மணி நேரம். அதே ஆண்டின் கடைசி நாளில் பிரான்ஸைச் சேர்ந்த நிரலர் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் அந்தச் சாதனையைத் தாண்டியதாக அறிவித்தார். ஏறத்தாழ 2.7 லட்சம் கோடி இலக்கங்கள். அவர் வைத்திருந்தது ஒரே ஒரு மேசைக் கணினி: 2.93 கிகாஹெர்ட்ஸ் கோர் ஐ7, 6 ஜிபி ராம், 1.5 டிபி ஹார்ட் டிஸ்க் ஐந்து. விலை 3,000 டாலருக்குள்.

நினைவகத்தில் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். எப்படி முடிந்தது? இரண்டு காரணம்.

முதலாவது, கணக்கிடும் முறை. தகாஹாஷி குழு பயன்படுத்தியது காஸ்–லெஜாந்தர் முறை. பெல்லார்ட் எடுத்தது சுட்னோவ்ஸ்கி சகோதரர்களின் தொடர். இந்தத் தொடரின் பரம்பரை நமக்குப் பழக்கமானது. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1914-ல் இங்கிலாந்தில் வெளியிட்ட கட்டுரையில் பைக்கான விசித்திரமான தொடர்கள் சில உண்டு. அதில் ஒன்று, ஒவ்வொரு உறுப்புக்கும் சுமார் 8 இலக்கம் தருவது. 1985-ல் பில் காஸ்பர் அதை வைத்து 1.75 கோடி இலக்கம் கணக்கிட்டார். அதே குடும்பத்தில் பிறந்த சுட்னோவ்ஸ்கி தொடர் ஒவ்வொரு உறுப்புக்கும் 14 இலக்கம் தரும். அந்தச் சகோதரர்களே மன்ஹாட்டன் அடுக்குமாடி வீட்டில், தபாலில் வரவழைத்த பாகங்களை வைத்து ஒரு கணினியைக் கட்டி, 1991-ல் 200 கோடி இலக்கத்தைத் தாண்டியவர்கள். வீட்டு ஒர்க்ஸ்டேஷன் என்று ஒரு வம்சம் இருந்தால் அதற்கு மூதாதையர் அவர்கள்தான்.

இரண்டாவது காரணம் நேரம். பெல்லார்டின் கணக்கு மொத்தம் 131 நாள் ஓடியது. இரும இலக்கங்களைக் கணக்கிட 103 நாள், அதைச் சரிபார்க்க 13 நாள், தசமத்துக்கு மாற்ற 12 நாள், மாற்றியதைச் சரிபார்க்க 3 நாள். சரிபார்ப்பைக் கழித்துவிட்டு வெறும் கணக்கை மட்டும் ஒப்பிட்டாலும் சூப்பர் கம்ப்யூட்டரைவிடக் கிட்டத்தட்ட நூறு மடங்கு மெதுவு. ஆனால் யாரும் அவரை வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. உங்கள் நேர ஒதுக்கீடு முடிந்தது, அடுத்தவருக்கு விடுங்கள் என்று சொல்லவில்லை. நான்கு மாதம் ஒரே கணக்கை ஒரே இயந்திரத்தில் ஓடவிடும் சுதந்திரம் பெரிய ஆய்வுக்கூடங்களில் இருப்பவர்களுக்குக்கூட எளிதில் கிடைக்காது.

வீட்டுக் கணினியின் பலம் இதுதான்: இடையூறில்லாத நேரம். வேகத்தில் நாம் எப்போதும் தோற்போம். அப்படியானால் காசை எங்கே போட வேண்டும்? நீண்ட நாள் ஓடுவதற்கும், ஓடி முடித்த பிறகு விடையை நம்புவதற்கும். வழிகாட்டிகள் கண்டுகொள்ளாத இடங்கள் சரியாக இந்த இரண்டும்தான்.

டெராஃப்ளாப் என்னும் விளம்பர எண்

வேகத்தையே எடுத்துக்கொண்டாலும் அவர்கள் அளப்பது தப்பான வேகம். காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம், வாங்க.

8 கோர் புராசசர், 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஏவிஎக்ஸ்2 கட்டளைகளை வைத்து ஒவ்வொரு கோரும் ஒரு சுழற்சிக்கு 16 இரட்டைத் துல்லியக் கணக்கு, அதாவது 64 பிட் எண்ணில், செய்யும். 8 × 16 × 3.5 = நொடிக்கு 448 பில்லியன். பிரமாதம். இப்போது மிகச் சாதாரணமான ஒரு வேலையைக் கொடுங்கள்: பெரிய பட்டியல் ஒன்றின் ஒவ்வோர் எண்ணையும் ஒரு மாறிலியால் பெருக்கி, இன்னொரு பட்டியலோடு கூட்டி, மூன்றாவதில் எழுது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு கணக்கு. ஆனால் இரண்டு எண்ணைப் படித்து ஒன்றை எழுத வேண்டும், மொத்தம் 24 பைட். டிடிஆர்4-3200 ராம் இரண்டு சேனலில் நொடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிபிதான் கொடுக்கும். வகுத்துப் பாருங்கள்: நொடிக்கு சுமார் 4.3 பில்லியன் கணக்கு. விளம்பரத்தில் சொன்னதில் நூறில் ஒரு பங்கு.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜான் மெக்கால்பின் 1990களின் தொடக்கத்திலிருந்து ஸ்ட்ரீம் என்ற சின்ன பெஞ்ச்மார்க்கில் அளந்து வருவது இதைத்தான். வானிலை மாதிரி, திரவ ஓட்டம், பெரிய அணிகள், ஜீன் வரிசை தேடல் என்று வீட்டில் செய்யக்கூடிய பல வேலைகள் இந்த ரகம். 8 கோருக்குப் பதில் 16 கோர் வாங்கினாலும் குழாய் அதேதான். அடுப்பில் பர்னர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு சிலிண்டர் ரெகுலேட்டரை மாற்றாமல் விட்ட கதை.

அதனால்தான் கம்பெனிகள் லீஸ் முடிந்து கழித்துவிடும் பழைய ஒர்க்ஸ்டேஷன்களை நான் மதிக்கிறேன். நான்கு சேனல் டிடிஆர்4-2666 உள்ள பழைய ஸியான் நொடிக்கு 85 ஜிபி தரும். டிடிஆர்5-5600 போட்ட புது மேசைக் கணினி இரண்டே சேனலில் சுமார் 90 தருகிறது, ஆக புதுசு மோசமில்லை. ஆனால் விலையைப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரரிடம் "எத்தனை கோர்" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை சேனல், எத்தனை ஸ்லாட்" என்று கேளுங்கள். முதலில் ஒரு மாதிரிப் பார்ப்பார். அப்புறம் உள்ளே போய் வேறு பெட்டியை எடுத்து வருவார்.

கிராபிக்ஸ் கார்டும் அப்படித்தான். ஆர்டிஎக்ஸ் 3060-ன் பெட்டியில் 12.7 டெராஃப்ளாப் என்று இருக்கும். அது 32 பிட் எண்ணுக்கு. இந்தக் குடும்பத்து கார்டுகளில் 64 பிட் வேகம் அதில் 64-ல் ஒரு பங்கு, நொடிக்கு சுமார் 199 பில்லியன். மேலே சொன்ன 8 கோர் புராசசரின் உச்சத்தில் பாதிகூட இல்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த கார்டின் நினைவக வேகம் நொடிக்கு 360 ஜிபி. உங்கள் தரவு 12 ஜிபிக்குள் அடங்கினால் மேற்சொன்ன கூட்டல் வேலையில் அது ஏழு மடங்கு வேகமாக ஓடும். ஆனால் அங்கேயும் ஜெயிப்பது குழாய்தான், பெட்டியில் போட்ட டெராஃப்ளாப்புக்கு அதில் பங்கு இல்லை.

விடையை யார் நம்புவது?

வழிகாட்டிகளில் நான் இதுவரை பார்க்காத ஒரு தலைப்பு "தவறு". கணினி தப்பாகக் கணக்குப் போடும் என்ற எண்ணமே அவற்றில் இல்லை.

1994-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். சாதாரண பிசிக்கள்தான். அதில் புதிதாக ஒரு பெண்டியத்தைச் சேர்த்ததும் விடைகள் ஒத்துவரவில்லை. நிரலில் பிழையா, கம்பைலரில் பிழையா, மதர்போர்டா என்று மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் மிஞ்சியது புராசசர். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், பெண்டியம் 1.33373 என்றது. இன்டெல் இதற்காக 47.5 கோடி டாலரை ஒதுக்க வேண்டி வந்தது. லட்சக்கணக்கான பேர் வீட்டிலும் ஆபீசிலும் வைத்திருந்த இயந்திரம் அது. குறையைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் ஒரே கணக்கை வேறு வேறு இயந்திரத்தில் ஓட்டி ஒப்பிடும் பழக்கமுள்ள ஒரு சின்னக் கல்லூரி வாத்தியார்.

புராசசரில் இப்படிப்பட்ட குறை அபூர்வம். ராமில் அபூர்வம் இல்லை. கூகுள் சர்வர்களின் இரண்டரை ஆண்டுத் தரவை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ராம் கார்டுகளில் பிழை தென்பட்டதாகச் சொன்னது. அவை பிழைதிருத்தும் இசிசி ராம், அதனால் எண்ண முடிந்தது. சாதாரண ராமில் எத்தனை என்று எண்ணக்கூட வழியில்லை.

இசிசி வாங்க முடிந்தால் வாங்குங்கள். கவனிக்க வேண்டியவை மூன்று. புராசசர், மதர்போர்டு இரண்டும் ஆதரிக்க வேண்டும்; ஒன்று மட்டும் போதாது. சர்வர்களில் இருந்து கழற்றி விற்கும் "ரெஜிஸ்டர்டு" ராம் சாதாரண போர்டில் வேலை செய்யாது, ஸியான் ஒர்க்ஸ்டேஷன் மாதிரியான போர்டு வேண்டும். மூன்றாவது, டிடிஆர்5-ல் "உள்ளேயே இசிசி இருக்கு சார்" என்பார்கள். அது சிப்புக்குள் நடக்கும் பிழையை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து புராசசருக்கு வரும் வழியில் நேர்வதைப் பார்க்காது.

வாங்க முடியாவிட்டால்? பெல்லார்டின் பட்டியலை மறுபடி பாருங்கள். 131 நாளில் 16 நாள் சரிபார்ப்பு, எட்டில் ஒரு பங்கு. அதிலும் அதே நிரலை மறுபடி ஓட்டவில்லை. முந்தைய இலக்கங்கள் இல்லாமலே குறிப்பிட்ட இடத்து இலக்கத்தை மட்டும் கொடுக்கும் வேறொரு சூத்திரத்தை எடுத்து இரும விடையைச் சோதித்தார். இதை நாமும் செய்யலாம், காசு ஆகாது. விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னக் கணக்கை முதலில் ஓட்டுவது. ஆற்றல், நிறை மாதிரி மாறக்கூடாத அளவு மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு மணி நேரமும் பார்ப்பது. முக்கியமான பகுதியை நண்பரின் கணினியில் ஒரு தடவை ஓட்டச் சொல்வது.

கரண்டும் வெயிலும்

ஜப்பானின் நகானோ மாகாணத்தில் ஷிகெரு கோண்டோ, அலெக்சாண்டர் யீ எழுதிய நிரலை வைத்து, 2010-ல் வீட்டிலேயே பையை 5 லட்சம் கோடி இலக்கம் வரை 90 நாளில் கணக்கிட்டார். 2011-ல் 10 லட்சம் கோடிக்கு 371 நாள் ஆயிற்று. இரண்டு மடங்கு வேலைக்கு நான்கு மடங்கு நாள். இடையில் ஹார்ட் டிஸ்க்குகள் திரும்பத் திரும்பப் பழுதானது அதில் பெரும்பகுதியைத் தின்றது. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டதும், மாத மின்கட்டணம் 30,000 யென் ஆனதும் அப்போது செய்திகளில் வந்தவை.

நம் ஊருக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கம். 300 வாட் இழுக்கும் கணினி ஒரு நாளைக்கு 7.2 யூனிட். இரண்டு மாத ரீடிங்குக்கு 432 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பது வீட்டில் பில் கட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் தாண்டாமல் எப்படி இருக்கும்? அதே வேலையை 120 வாட்டில் இரண்டு மடங்கு நாள் ஓட்டினால் மொத்தச் செலவு குறைவு, மே மாதத்தில் அறையும் பிழைக்கும். "வாட்டுக்கு எவ்வளவு வேலை" என்ற நெடுவரிசையை எந்த வழிகாட்டி போடுகிறது?

எஸ்எஸ்டிக்கும் ஆயுள் கணக்கு உண்டு. 1 டிபி எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு எழுதும் உத்தரவாதம் 600 டிபி அளவில் இருக்கும். ராமில் அடங்காத கணக்கு ஒன்று தினமும் 5 டிபி எழுதினால் 120 நாளில் உத்தரவாதம் காலி. பெல்லார்டின் கணக்கு முடியும் முன்பே.

மறுப்புகள்

"நியூரல் நெட்வொர்க் பயிற்றுவிக்க ஜிபியு வேண்டாமா?" வேண்டும். அதற்கு 64 பிட் துல்லியம் தேவையில்லை, கார்டின் நினைவகம்தான் பிரதானம். மூலக்கூறு இயக்கம் கணக்கிடும் குரோமாக்ஸ் மாதிரி நிரல்களும் ஜிபியுவை நன்றாகப் பயன்படுத்தும். உங்கள் வேலை அதுவென்றால் முதலில் கார்டு வாங்குங்கள். என் குறை, வேலை என்ன என்று கேட்காமலே அதை முதல் வரியில் எழுதுவதைப் பற்றித்தான்.

"கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் போச்சு." இதுதான் கனமான மறுப்பு. 2018 டிசம்பரில் 24,862,048 இலக்கம் கொண்ட மெர்சென் பகா எண்ணைக் கண்டுபிடித்தது ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஓர் ஐடி ஊழியரின் சாதாரண ஐ5 பிசி, 12 நாள் ஓடி. அடுத்தது கிடைத்தது 2024 அக்டோபரில், 41,024,320 இலக்கம். லூக் டுராண்ட் 17 நாடுகளில் வாடகைக்கு எடுத்த ஆயிரக்கணக்கான ஜிபியுக்களின் வலை அது. வீட்டுப் பிசிக்களே கண்டுபிடித்துவந்த 28 ஆண்டுக் காலம் அத்துடன் முடிந்தது.

எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் பாடம் தெளிவு. ஒன்றையொன்று சாராத ஆயிரம் துண்டுகளாகப் பிரியும் வேலையில் வாடகைக்கு எடுப்பவர் ஜெயிப்பார். ஒன்றன் பின் ஒன்றாக மாதக்கணக்கில் நீளும் ஒரே சங்கிலி என்றால், அல்லது தினமும் ஏதாவது மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டிய வேலை என்றால், மணிக் கணக்கில் மீட்டர் ஓடாத வீட்டுப் பெட்டிதான் லாபம். உங்கள் வேலை எந்த ரகம் என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியும்.

என் பட்டியல்

கையில் எவ்வளவு இருந்தாலும் நான் சொல்லும் வரிசை இது. முதலில் எதையும் வாங்காமல், இப்போது இருக்கும் லேப்டாப்பில் வேலையின் சிறு வடிவம் ஒன்றை ஓட்டுங்கள். ராம் நிரம்புகிறதா, டிஸ்க் திணறுகிறதா, புராசசர் சும்மா காத்திருக்கிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். நிறைய பேருக்கு இங்கேயே நல்ல அல்காரிதம் ஒன்று கண்ணில் பட்டு, வாங்கும் தேவையே தள்ளிப்போகும்.

அப்புறம் ராம்: அளவு முதலில், சேனல் எண்ணிக்கை அடுத்து, முடிந்தால் இசிசி. பிறகு தரமான பவர் சப்ளை, யுபிஎஸ். யுபிஎஸ் இரண்டு மணி நேரம் தாங்க வேண்டியதில்லை. நிரல் தன் நிலையை எழுதிவிட்டு ஒழுங்காக அணையும் நேரம் போதும். அதற்கு நிரல் அப்படி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது தனி விஷயம். பிறகு டிஸ்க்: கணக்கு ஓட ஒன்று, நகல் வைக்க ஒன்று. புராசசர் அதற்கு அடுத்து, நடுத்தரமானது. மிச்சம் இருந்தால், வேலை கேட்டால், கார்டு.

வழிகாட்டி எழுதுகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "ஆராய்ச்சிக்கு" என்று தலைப்பு வைத்தால், ஃபிரேம் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: இந்த இயந்திரத்தில் ஒரு கணக்கை முப்பது நாள் ஓட்டினோம், இரண்டு முறை ஓட்டினோம், விடை ஒத்துவந்தது. அந்த ஒரு வரி இருக்கும் வழிகாட்டியை நம்பி நான் காசு போடுவேன்.